பின்காலா, முன்காலா?

பேஸ்பாலில் பிட்சர் பந்தை எறிந்து முடித்த பிறகு களிமண் மேட்டில் இரண்டு தடயங்கள் மிஞ்சும். ஒன்று, பின்கால் தரையோடு இழுபட்டுப் போன கோடு. மற்றொன்று, முன்கால் வந்து ஊன்றிய பள்ளம். கலிபோர்னியாவின் ஃபிரீமாண்ட் நகரத்துப் பூங்கா ஒன்றில், 2009-ஆம் ஆண்டு வசந்தகாலச் சனிக்கிழமைகளில், இரண்டு பயிற்சியாளர்கள் இந்தத் தடயங்களுக்கு மேல் குனிந்து நின்று வாதாடிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கையில் அளவு டேப் இருக்கும். இன்னொருவர் ஷூ நுனியால் கோட்டைத் தொட்டுக் காட்டுவார். பதினோரு வயதுப் பையன்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பியபடி, பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று சுற்றி நிற்பார்கள்.

அந்தப் பையன்களில் ஒருவனின் அப்பாதான் இதை எழுதுபவர். கோவையில் கல்லூரி அணிக்கு வேகப்பந்து வீசியவர், வேலைக்காகக் கலிபோர்னியா போனவர். மகன் பேஸ்பாலில் சேர்ந்ததும் ஸ்கோர் எழுதும் பொறுப்பை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எறிவதைப் பற்றிய பேச்சு முழுக்கத் தோளையும் மணிக்கட்டையும் சுற்றித்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் அங்கே போனார். முதல் வாரத்திலேயே காதில் விழுந்ததெல்லாம் கால், குதிகால், பெருவிரல், இடுப்பு. தோளைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தில் முதலில் உறைப்பது, எறிபவருக்கு ஓட்டம் கிடையாது என்பது. வேகப்பந்து வீச்சாளர் இருபது முப்பது கெஜம் ஓடிவந்து சேர்க்கிற வேகத்தை, பிட்சர் நின்ற இடத்திலிருந்து ஒரே எட்டில் உண்டாக்க வேண்டும். மேட்டின் நடுவில் 24 அங்குல நீளம், 6 அங்குல அகலத்தில் ஒரு வெள்ளை ரப்பர் பட்டை பதித்திருப்பார்கள். பின்கால் அதைத் தொட்டபடி இருக்க வேண்டும் என்பது விதி. பெரியவர்கள் ஆட்டத்தில் ரப்பரிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். 1893-இல் வகுத்த இந்தத் தூரம் இன்றுவரை மாறவில்லை. சிறுவர் லீகில் 46 அடி. மேட்டின் உயரம் மட்டும் மாறியது. 1968-இல் செயின்ட் லூயிஸின் பாப் கிப்சன் ஒரு பருவம் முழுக்க ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன் மட்டுமே கொடுத்தார். பேட்டர்களுக்கு வழியே இல்லை என்றானதும், அடுத்த ஆண்டு மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். எறிபவரை அடக்க வேண்டுமென்றால் அவர் காலடி மண்ணைக் குறைத்தால் போதும் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பூங்காவில் வாதாடிய இருவரில் மூத்தவர் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து வளர்ந்தவர். தபால்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் ஹுவான் மாரிச்சால் எறிவதை நேரில் பார்த்தவர். மாரிச்சால் இடதுகாலைத் தலைக்கு மேலே தூக்கி எறிவார். அவர் ஆடிய ஜயன்ட்ஸ் அணியின் மைதானத்துக்கு வெளியே அவருக்கு வைத்திருக்கும் சிலையே அந்தக் கோலத்தில்தான் நிற்கிறது. அதன் முன்னால் குழந்தைகளைக் காலைத் தூக்கச் சொல்லிப் படம் எடுக்காத குடும்பம் அபூர்வம். இளையவர் கல்லூரியில் பிட்சராக இருந்து, தோள் அறுவைச் சிகிச்சையோடு ஆட்டத்தை விட்டவர். வயது முப்பதுக்குள். மடிக்கணினியில் காட்சிகளை ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்.

மூத்தவரின் கட்சி: எறிதல் பின்காலில் பிறக்கிறது. ரப்பரைத் தள்ளு, முட்டியை மடக்கு, உடம்பை இறக்கிப் பாய். இதற்கு அவர் காட்டும் சாட்சி டாம் சீவர். கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் பிறந்து நியூயார்க் மெட்ஸுக்கு ஆடி, 311 ஆட்டங்கள் வென்று, 3,640 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தவர். தாழ இறங்கி, பின்காலால் உந்தி எறிவார். பந்தை விடும்போது அவருடைய வலது முட்டி மேட்டு மண்ணில் உரசும். ஆட்டம் முடியும்போது அந்த ஒரு முட்டியில் மட்டும் அழுக்குத் திட்டு ஒட்டியிருக்கும். சீவர் சரியாக எறிகிறாரா என்று தெரிய வேண்டுமா, அவர் கால்சட்டையைப் பார் என்பார் மூத்தவர்.

இளையவரின் கட்சி வேறு. நிமிர்ந்து நில், பிறகு சரிவில் விழு. மேடு சரிந்திருப்பதே அதற்காகத்தான். ரப்பருக்கு முன்னால் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் தரை தாழ்கிறது, அந்த இறக்கம் உடம்பை எடுத்துக்கொண்டு போகும். தள்ளித் தள்ளி வேகம் சேர்க்க நினைத்தால் தலை ஆடும், குறி தவறும். வேகம் பிறப்பது முன்கால் ஊன்றி உடம்பை நிறுத்துகிற அந்த நொடியில். கால் நின்றதும் இடுப்பு அதன்மேல் கீலில் கதவு திரும்புகிற மாதிரி திரும்புகிறது, அதைத் தொடர்ந்து மார்பு, தோள், முழங்கை, கடைசியில் பந்து. முன்கால் வழுக்கினால் அந்தத் தொடர் முழுவதும் அறுந்துபோகும் என்பார்.

இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு, சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கிய காலம் நினைவுக்கு வந்தது. 1987-இல் டென்னிஸ் லில்லி அங்கே வந்து பையன்களுக்கு ஓட்டத்தையும் பாதத்தையும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகு, தமிழ்நாட்டுக் கல்லூரி அணிகளில்கூடப் பின்பாதம் எந்தப் பக்கம் பார்த்து விழுகிறது என்ற பேச்சு வந்துவிட்டது. பாதம் கிரீஸுக்கு இணையாக விழுந்தால் தோளும் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பாதம் பேட்ஸ்மேனைப் பார்த்து விழுந்தால் மார்பும் அவரைப் பார்க்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று கலந்துகட்டி வீசுகிறவர்களுக்குத்தான் கீழ்முதுகு எலும்பில் விரிசல் அதிகம் வருகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். ஆக, பாதத்தைப் பற்றிய சண்டை அவருக்குப் புதிதல்ல. அதே சண்டை இங்கே வேறு சீருடையில் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் பிட்சிங் பற்றி யார் பேசினாலும் ஜயன்ட்ஸின் டிம் லின்சிகமிடம்தான் வந்து நிற்பார்கள். ஐந்தடி பதினோரு அங்குல உயரம், 170 பவுண்டு எடை, தோள்வரை முடி. மைதானத்துக்குள் நுழையும்போது பந்து பொறுக்கும் பையன் என்று நினைக்கத் தோன்றும். 2008-லும் 2009-லும் தேசிய லீகின் தலைசிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான். அவர் எட்டு வைக்கும் தூரம் ஏறக்குறைய ஏழரை அடி என்று பத்திரிகைகள் எழுதின. பொதுவாகப் பிட்சர்களின் எட்டு அவரவர் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இவரோ தன் உயரத்தைத் தாண்டி இன்னும் ஒன்றரை அடி போனார். சொல்லிக்கொடுத்தவர் அப்பா கிறிஸ், போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எறிந்து முடித்ததும் தரையில் கிடக்கும் டாலர் நோட்டைக் குனிந்து எடுக்கிற மாதிரி உடம்பு முன்னால் போக வேண்டும் என்று மகனைப் பழக்கியதாகச் சொல்வார்கள்.

பத்திரிகையில் இதைப் படித்த மறுநாளே பூங்காவில் எல்லாப் பையன்களும் ஏழரை அடிக்கு ஆசைப்பட்டார்கள். நாலரை அடிப் பையன் ஆறடி தாண்டி விழுந்து, இடுப்பு பின்தங்கி, பந்தை வானத்துக்கு அனுப்பினான். மூத்தவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. பின்கால் தள்ளாமல் அந்தத் தூரம் யாரால் போக முடியும் என்று கேட்டார். இளையவர் மடிக்கணினியைத் திறந்து வேறொன்றைக் காட்டினார். அவ்வளவு தூரம் போன பிறகும் லின்சிகமின் முன்பாதம் ஊன்றும்போது மார்பு இன்னும் திரும்பாமல் பக்கவாட்டிலேயே இருக்கிறது, முன்முட்டி பின்னால் நிமிர்ந்து உடம்பை நிறுத்துகிறது. தூரம் கண்ணுக்குத் தெரியும், அந்த நிறுத்தம் தெரியாது, பையன்கள் தெரிவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். அந்த வார்த்தை இதை எழுதுபவர் மனதில் நின்றுவிட்டது. ஒரு திறமைசாலியின் உடம்பிலிருந்து மற்றவர்கள் பிரித்தெடுக்க முடிவது பெரும்பாலும் அவருடைய வெளிக்கோடுதான். லின்சிகமே அந்த அசைவுக்கு விலை கொடுத்தார். 2015-இல் இடுப்பு மூட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். பழைய வேகம் அதற்கு முன்பே போயிருந்தது.

இந்த விவாதத்தில் ஆளுக்கொரு காயம்பட்ட பாதம் இருந்தது.

மூத்தவரின் பாதம் கர்ட் ஷில்லிங்குடையது. 2004 அக்டோபரில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் இந்த வலக்கை பிட்சருக்குக் கணுக்காலில் தசைநாணைப் பிடித்து வைத்திருக்கும் உறை கிழிந்துபோனது. வலதுகால், அதாவது அவர் ரப்பரில் ஊன்றித் தள்ளும் கால். யாங்கீஸுக்கு எதிரான தொடரின் முதல் ஆட்டத்தில் அவரால் தள்ளவே முடியவில்லை. மூன்று இன்னிங்ஸில் ஆறு ரன் போயிற்று. அணி மருத்துவர் பில் மார்கன் ஒரு வழி யோசித்தார். தோலை அடித் திசுவோடு சேர்த்துத் தைத்துவிட்டால் நழுவும் நாணுக்கு ஒரு வரப்புக் கட்டியது போலாகும். பிணத்தின் காலில் முதலில் செய்து பார்த்துவிட்டுத்தான் ஷில்லிங்கின் காலில் ஊசியை வைத்தார். ஆறாவது ஆட்டத்தில் காலுறையில் ரத்தம் கசியக் கசிய ஏழு இன்னிங்ஸ் எறிந்து ஒரே ஒரு ரன் கொடுத்தார் ஷில்லிங். கை அதே கைதான், தோளும் அதே தோள்தான், மாறியது பின்கால் மட்டும்தானே என்பார் மூத்தவர். இதற்கு மறுப்புச் சொல்வது கஷ்டம்.

இளையவரின் பாதம் இன்னும் பழையது. டிஸ்ஸி டீன், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் வலக்கைப் பிட்சர். 1934-இல் 30 ஆட்டங்கள், 1935-இல் 28, 1936-இல் 24 என்று வென்றுகொண்டே போனவர். 1937 ஜூலை 7 அன்று வாஷிங்டனில் ஆல்-ஸ்டார் ஆட்டம். கிளீவ்லாந்தின் ஏர்ல் ஏவரில் அடித்த பந்து நேராகத் திரும்பி வந்து டீனின் இடதுகால் விரலில் மோதியது. விரல் முறிந்தது. இடதுகால் அவர் முன்னால் ஊன்றும் கால். விரல் முழுதாக ஆறுவதற்குள் மேட்டுக்கு வந்துவிட்டார். வலிக்கும் விரலில் பாரம் விழாதபடி பாதத்தை வேறுமாதிரி ஊன்றி எறிந்தார். தரையில் தவிர்த்த வலி தோளுக்குப் போயிற்று. 1937 முடியும்வரை 134 ஆட்டங்கள் வென்றிருந்தவர், 1938 முதல் ஆட்டத்தை விடும்வரை வென்றவை மொத்தம் 16. வயது அப்போது முப்பதைச் சுற்றித்தான். முன்காலின் ஒரு விரல் ஒரு தலைமுறையின் மிகச் சிறந்த கையை முடித்து வைத்தது என்று இளையவர் சொல்லும்போது, தன் தோளைத் தடவிக்கொள்வார்.

இரண்டு கதைகளும் உண்மை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவருக்கு வந்த சந்தேகம் ஒன்றுதான்: இவர்கள் ஒரே நொடியைப் பற்றித்தான் பேசுகிறார்களா?

பேசவில்லை. அதை அளந்து காட்டியவர்கள் உண்டு. 1998-இல் மாக்வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் மேட்டுக்கு அடியில் விசையை அளக்கும் தகடுகளைப் பதித்துப் பிட்சர்களை எறியவைத்தார்கள். எறியும் திசையில் பின்கால் தள்ளிய விசை உடல் எடையில் ஏறக்குறைய 0.35 பங்கு. முன்கால் எதிர்த்து நிறுத்திய விசை 0.72 பங்கு, அதாவது இரண்டு மடங்கு. கால்கள் கொடுத்த விசை கூடியபோது மணிக்கட்டின் வேகமும் கூடியது. பின்கால் தள்ளி முடித்த பிறகுதான் முன்கால் தரையைத் தொடுகிறது. ஒன்று சேர்த்து வைக்கிறது, மற்றொன்று அதை நிறுத்தி மேலே அனுப்புகிறது. மூத்தவர் முதல் பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார், இளையவர் இரண்டாம் பாதியை. இதைச் சொன்னபோது இருவரும் தலையாட்டிவிட்டு, எது முக்கியம் என்று மறுபடி தொடங்கினார்கள்.

பாதம் எங்கே விழ வேண்டும் என்பதிலும் ஆய்வுக்கூடங்கள் ஓரளவு தெளிவாகப் பேசுகின்றன. அலபாமாவின் பர்மிங்காமில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் நிறுவிய அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தில் கிளென் ஃபிளைசிக் பல ஆண்டுகளாகப் பிட்சர்களைப் படம்பிடித்து அளந்து வருகிறார். முன்பாதம் பின்பாதத்துக்கு நேராக, பேட்டரை நோக்கி, விரல்கள் இம்மியளவு உள்ளே திரும்பி விழுவது நல்லது. வலக்கை எறிபவருக்கு அது முதல் பேஸ் பக்கம், அதாவது அவருக்கு இடப்பக்கம், விலகி விழுந்தால், இடுப்பு நேரத்துக்கு முன்பே திறந்துகொள்ளும். கை பின்தங்கி வரும். பின்தங்கிய கையை இழுத்துக்கொண்டு வருகிற பாரம் தோளின் முன்பக்கத்தில் விழும். எதிர்ப்பக்கம், மூன்றாம் பேஸ் பக்கம் அதிகமாக விழுந்தால் இடுப்பு திரும்ப இடமில்லாமல், கையை உடம்புக்குக் குறுக்கே வீச வேண்டிவரும்.

எழுதுபவரின் மகனுக்கு இருந்தது முதல் வகைக் குறை. முன்பாதம் முதல் பேஸ் பக்கம் விலகியது. பந்து உயரமாகி வலக்கை பேட்டரின் தோளை நோக்கிப் போனது. மூத்தவர் ரப்பரிலிருந்து ஹோம் பிளேட்டை நோக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, இதன்மேல் மிதி என்றார். பையன் மிதித்தான். கண் கோட்டில் இருந்ததால் பந்து கேட்சரின் தலைக்கு மேல் போயிற்று. கோட்டை மிதிக்கும் வேலையில் எறியும் வேலை மறந்துபோனது. அடுத்த வாரம் இளையவர் இடுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். பெஞ்சுப் பக்கத்தில் அழகாகச் செய்தான். மேட்டில் ஏறியதும் பாதம் பழைய இடத்துக்கே போனது.

மேட்டில் ஏறினால் மட்டும் ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்டவர் மூத்தவர்தான். அவர் ரப்பருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார். சிறுவர் மைதானத்தின் மேட்டில் ஒரு நாளைக்கு நான்கைந்து ஆட்டம் நடக்கும். ஒவ்வொரு பையனும் பின்காலின் ஸ்பைக்ஸால் ரப்பருக்கு முன்னால் மண்ணைத் தோண்டுவான். மதியத்துக்குள் அங்கே ஒரு கை ஆழத்துக்குக் குழி விழுந்திருக்கும், விளிம்பு கெட்டியாக, அடியில் பொடிமண்ணோடு. பின்பாதம் ரப்பருக்கு இணையாக, சுண்டுவிரல் பக்கத்து ஓரம் ரப்பரின் முன்விளிம்பில் ஒட்டி நிற்க வேண்டும். குழிக்குள் அப்படி நிற்க இடமில்லை. பையன் குதிகாலை ரப்பரின்மேல் வைத்து, விரல்களைக் குழிக்குள் இறக்கி, பாதத்தைப் பாதி பேட்டர் பக்கம் திருப்பி நின்றான். நிற்கும்போதே இடுப்பு திறந்துவிட்டது. முன்கால் விலகி விழுந்தது அதன் பலன். அந்தக் காலைத் திருத்திக்கொண்டிருந்ததெல்லாம் வீண்.

மூத்தவர் கொட்டகையிலிருந்து ஒரு வாளிக் களிமண்ணும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்தார். பொடிமண்ணை வாரி வெளியே போட்டார். குழியின் சுவரில் தண்ணீர் தெளித்தார். ஈரக் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கைப்பிடி வைத்த இரும்புத் தட்டால் அடித்து இறுக்கினார். ஒரே தடவையில் கொட்டி மிதித்தால் மேலே மட்டும் காய்ந்து இரண்டாவது ஆட்டத்தில் பெயர்ந்துவிடும் என்றார். பிறகு பையன் ஏறி நின்றான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பாதம் தானாக ரப்பரோடு ஒட்டிக்கொண்டது. முன்பாதம் விழுந்த இடத்தை இளையவர் டேப் வைத்துப் பார்த்தார். விலகல் ஏறக்குறைய இல்லை. பின்காலில் பிறக்கிறது என்று சொன்னேனே என்று மூத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த பையனின் ஷூ லேஸைக் கட்டிவிடப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எழுதுபவருக்கு ஒரு நிலைப்பாடு உண்டு. குறை முன்காலில் தெரியும், அது தொடங்குவது அதற்கு முன்னால் எங்கோ. குழந்தையின் பாதம் தப்பாக விழுகிறது என்றால் விழுகிற இடத்தைப் பார்க்காமல், கிளம்புகிற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். பயிற்சியாளர்கள் பலர் விழுகிற இடத்தில் கோடு போட்டுவிட்டு, அதைப் பிள்ளையின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுகிறார்கள். அது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இரண்டு பேர் இந்த மேட்டில் ஏறியிருந்தார்கள். 2008-இல் இந்தியாவில் நடந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் தேர்வான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல். உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். இருவரும் ஈட்டி எறிபவர்கள், பேஸ்பாலைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் டாம் ஹவுஸிடம் சில மாதம் கற்று, அந்த ஆண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் ஒப்பந்தம் பெற்றார்கள். 2014-இல் இதே பெயரில் படம் வந்தபோது ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்ததால் தமிழ்நாட்டிலும் கொஞ்சம் பேசப்பட்டது. டாம் ஹவுஸ் யார் என்று அப்போது பலருக்குத் தெரியாது. 1974 ஏப்ரல் 8 அன்று ஹாங்க் ஆரன் 715-ஆவது ஹோம் ரன் அடித்து பேப் ரூத்தை முந்தியபோது, வேலிக்குப் பின்னால் நின்று அந்தப் பந்தைப் பிடித்த பிட்சர் இவர்தான். பிற்பாடு நோலன் ரயனுக்குப் பயிற்சி கொடுத்தார். அதிவேகக் காமிராவை வைத்து அசைவுகளை அளந்து, கண்ணால் பார்த்துச் சொல்லிக்கொடுத்ததில் பலவற்றைப் பிறகு மாற்றிக்கொண்டவர்.

ஈட்டி எறிபவருக்கும் முன்கால்தான் உயிர். ஓடிவந்த வேகத்தையெல்லாம் அந்தக் காலை ஊன்றி ஒரே இடத்தில் நிறுத்தித்தான் ஈட்டிக்குக் கொடுக்கிறார். ரிங்குவுக்கும் தினேஷுக்கும் அது ஏற்கெனவே உடம்பில் இருந்தது. ஓட்டம் இல்லாமல் அதைச் செய்வதுதான் புதிது. பின்னாளில் ஜப்பானிலிருந்து வந்த யோஷினோபு யமமோட்டோ ஈட்டி போன்ற கருவியை எறிந்து பயிற்சி செய்கிறார் என்று தெரியவந்தபோது, இளையவர் துள்ளிக் குதித்தார். யமமோட்டோ மாரிச்சாலுக்கு நேர் எதிர். காலைத் தூக்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம், முன்பாதம் தரையோடு தரையாக நழுவி முன்னால் போகும். 2025 உலகத் தொடரில் டாட்ஜர்ஸுக்காகத் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். காலைத் தூக்காமல் இவ்வளவு வேகமா என்று மூத்தவர் தொலைபேசியில் கேட்டாராம். தூக்காவிட்டால் என்ன, தள்ளுகிறாரே என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாராம்.

எல்லோரையும்விடத் துணிந்து வேறு வழி போனவர் மைக் மார்ஷல். 1974-இல் டாட்ஜர்ஸுக்காக 106 ஆட்டங்களில் எறிந்தார். ஒரே பருவத்தில் அத்தனை ஆட்டம் வேறு யாரும் எறிந்ததில்லை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டமும் பெற்றவர். எல்லோரும் கற்றுக்கொடுக்கும் எறிமுறைதான் கைகளைக் கெடுக்கிறது என்று சொல்லி, ஃபுளோரிடாவில் தானே ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். நீண்ட எட்டு வேண்டாம், நடப்பது போலக் குறுகிய எட்டு வை, பின்கால் இழுபடாமல் முன்னால் வரட்டும் என்றார். பெரிய அணிகள் அவர் முறையை ஏற்கவில்லை. 2021-இல் காலமாகும்வரை அவரும் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இளம் பிட்சர்களின் முழங்கைகள் அறுவைச் சிகிச்சை மேசைக்குப் போவதைக் கண்டு பொறுக்காமல் ஒருவர் வாழ்நாளைச் செலவிட்டார். அவர் சொன்னதைப் பொறுமையாகச் சோதித்துப் பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எழுதுபவருக்கு உண்டு.

சில நேரம் வாதத்தை விதிப்புத்தகம் முடித்துவைக்கும். மயாமியின் கார்ட்டர் காப்ஸ் பின்காலால் தள்ளி, அந்தக் காலோடு முன்னால் துள்ளி இறங்கி, புதிய இடத்திலிருந்து எறிவார். பேட்டருக்குத் தூரம் குறைந்துபோகும். 2015-இல் கால் தரையை உரசினால் சரி என்று விட்டார்கள். 2017-இல் எறியும்போது பின்காலை வேறிடத்தில் மறுபடி ஊன்றக் கூடாது என்று விதியே எழுதிவிட்டார்கள். ஜப்பானிலோ முன்காலைத் தூக்கி நடுவில் ஒருமுறை நிறுத்தி மறுபடி தூக்கும் பழக்கத்தைப் பல ஆண்டுகள் தடுத்து வைத்திருந்து, 2018-இல் அந்தத் தடையை விலக்கினார்கள்.

மகன் பன்னிரண்டு வயதுவரை எறிந்தான். அந்தக் கடைசிப் பருவத்தில் ஒரு மதிய ஆட்டம். சிறுவர் லீகில் அந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து என்று 2007 முதல் வரம்பு உண்டு. மகன் அதற்கு வெகு கீழேதான் இருந்தான். அணி ஒரு ரன் முன்னிலை. ஸ்டிரைக்குகள் விழுந்துகொண்டிருந்தன. மூத்தவர் மேட்டுக்குப் போய்ப் பந்தைக் கேட்டு வாங்கி, வேறு பையனை அழைத்தார். பெற்றோர் இருக்கைகளிலிருந்து முணுமுணுப்பு எழுந்தது. மூத்தவர் முன்பாதம் விழும் பள்ளத்தைக் காட்டினார். முதல் இன்னிங்ஸில் விழுந்த பள்ளத்துக்கு ஒரு கைச்சாண் பின்னால் புதிதாக இன்னொன்று. கால் களைத்துவிட்டது, எட்டு குறைந்துவிட்டது, இனிமேல் குறைகிற வேகத்தை ஈடுகட்டப் போவது தோள்தான் என்றார்.

அது வெறும் அனுமானப் பேச்சு அல்ல. களைத்த கையோடு அடிக்கடி எறிந்த இளைஞர்களுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 36 மடங்கு அதிகம் என்று 2006-இல் ஃபிளைசிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பாதத்தின் கோணம், எட்டின் நீளம் என்று எதைத் திருத்தினாலும், களைப்பைக் கவனிக்காமல் விட்டால் பயனில்லை.

புதிதாக வந்த பையன் இரண்டு ரன் கொடுத்தான். ஆட்டம் கைவிட்டுப் போனது. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் குறைப்பட்டபோது, இளையவர் எழுந்து, பையனை எடுத்த முடிவு சரிதான், தானாக இருந்தால் இன்னும் ஒரு பேட்டர் முன்னாலேயே எடுத்திருப்பேன் என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். பிறகு மூத்தவர் பக்கம் திரும்பி, ஆனால் எட்டு குறைந்ததற்குக் காரணம் பின்கால் இல்லை, முன்முட்டி பாரம் தாங்காமல் போனதுதான் என்றார். மூத்தவர் பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். இளையவரும் கூடவே போனார்.